இரண்டெழுத்து வசனம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே "வேண்டாம்" என்று சொல்ல வராது. யாராவது ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிக்கொள்வேன். வயிறு நிறைந்திருந்தாலும் சாப்பிடுவேன். ஆசையால் இல்லை, கூச்சத்தால். நீட்டியவரின் முகம் சுருங்குவதைப் பார்க்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. எழுபதுகளின் பின்பாதி அது. எனக்குப் பதினேழு வயது இருக்கும். சிலமலையில் ஐந்தாவது வரை படித்துவிட்டு, மலைமேல் கேரள எல்லைக்குள் இருந்த ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் தாய்மாமனின் ஆள்களோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இறக்கம். ஞாயிற்றுக்கிழமை போடிக்கு வந்து சும்மா சுற்றுவேன்.

அப்படி ஒரு நாள் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் டீ குடித்து முடித்தேன். கடைக்காரர் வேறு யாருக்கோ போட்ட டீயை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது. அதையும் வாங்கினேன். பக்கத்து பெஞ்சில் இருந்த அந்த ஜவுளிக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, மூணாவது டீயா? அதுல ஒண்ணு என்னோடது."

"தெரியலண்ணே. குடுத்தாங்க."

"குடுத்தா வாங்கிருவியா? வெசத்தைக் குடுத்தா?"

அவர் எதிரே இருந்தவரைப் பார்த்து, "டேய், நம்ம நாடகத்துக்கு ஆளு கிடைச்சாச்சுடா" என்றார்.

அவரும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் முதல் சம்பளம் வாங்கினதும் சாராயத்திலும் சீட்டாட்டத்திலும் விழுவதைப் பார்த்துப் பொறுக்காமல் ஆரம்பித்த குழு. நாங்கள் அவரை ஜவுளிக்கடை அண்ணன் என்போம். சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒருவர் வசனம் எழுதுவார். ஒத்திகை எல்லாம் ரயில் நிலையத்தில்தான். மதுரை ரயில் போய்விட்டால் பிளாட்பாரத்தில் ஆள் இருக்காது. ஸ்டேஷன் மாஸ்டரும் விரட்ட மாட்டார். நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்.

நாடகம் இதுதான். முதல் சம்பளம் வாங்கிய ஒரு பையனைச் சைக்கிள் கடை அண்ணன் ஆசை காட்டிச் சாராயம் குடிக்க வைப்பார். பையன் குடித்துக் குடித்துச் சீரழிந்து சாவான். ஜவுளிக்கடை அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மாவாக வந்து ஒப்பாரி வைப்பார். நான்தான் பையன்.

"எனக்கு நடிக்கத் தெரியாதுண்ணே" என்றேன்.

"நீ எங்க நடிக்கப் போற? அவரு நீட்டுவாரு, நீ வாங்கிக் குடி. அதான் உனக்கு நல்லா வருதே."

எதற்குமே வேண்டாம் என்று சொல்லாதவன் இதற்கு மட்டும் எப்படிச் சொல்வேன்? சேர்ந்துவிட்டேன்.

ராசிங்காபுரம் மந்தையில் நடித்தபோது பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நாடகம் முடிந்து நாடகச் சாமான்களைக் கட்டுகிறபோது என் வயதுப் பையன்கள் கூட்டமாக வந்து, "அண்ணே, அந்தத் தள்ளாட்டத்தை இன்னொரு தடவை ஆடிக் காட்டுங்க" என்றார்கள். ஒருவன் தானே ஆடிக் காட்டினான். என்னைவிட நன்றாக ஆடினான். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

திரும்பி வருகிற வழியில் ஜவுளிக்கடை அண்ணன், "அழுததெல்லாம் பெரியாளுக. பயலுக குடிக்கிறது எப்படின்னு நம்மகிட்டப் பழகிட்டுப் போறானுக" என்றார்.

மலையில் போட்டது இன்னும் மோசம். அப்போது கீழே தமிழ்நாட்டில் மதுவிலக்கு. மலையேறி எல்லையைத் தாண்டினால் சாராயக்கடை திறந்திருக்கும். அதனால் கடைக்குப் பக்கத்திலேயே போய் நடிக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார். நாடக முடிவில் எல்லோரும் கையை உயர்த்தி, "சாராயத்தை ஒழிப்போம்! சாராயத்தை ஒழிப்போம்!" என்று கத்தினோம். கூட்டத்தில் இருந்த மலையாள ஆள்களின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒழிக்கு, ஒழிக்கு!" என்று அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஒருவர் காலிக் கிளாஸை என் முன்னால் நீட்டினார். அங்கே ஒழிக்கிறது என்றால் ஊற்றுவது. எனக்கு அந்தச் சொல் தெரியும், தினமும் காதில் விழுகிற சொல். ஆனால் நாங்கள் கத்துவதும் அதுவும் ஒன்றாகக் கேட்கும் என்று புத்தியில் படவே இல்லை. ஜவுளிக்கடை அண்ணனுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். சைக்கிள் கடை அண்ணன், "விடுப்பா, சாராயக் கடைக்கு இதைவிட நல்ல வெளம்பரம் யாரு பண்ணியிருக்கா?" என்றார்.

இதற்குப் பிறகுதான் நாடகத்தை மாற்றினார்கள். பையன் குடிக்கக் கூடாது, சாகவும் கூடாது. நீட்டுகிற கிளாஸை மறுக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. நாடகத்துக்காக மட்டும் இல்லை.

எங்கள் மாமன் கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பையன்களுக்கு முதலில் அரைக்கூலிதான். கை வேகம் வந்து முழுக்கூலிக்கு உயர்த்துகிற சனிக்கிழமை, மாமன் அவனைச் சாராயக்கடைக்குக் கூட்டிப்போய்த் தன் கையால் முதல் கிளாஸைக் கொடுப்பார். அதற்கு 'ஆளாக்குறது' என்று பெயர். வாங்கிக் குடித்துவிட்டால் அவன் பெரிய ஆள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவனாகவே போவான். மறுத்த பையனை நான் பார்த்ததில்லை. மாமன் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்தால் தன் கம்பளியை எடுத்துப் போர்த்திவிடுகிற மனுசன். அதுதான் சிக்கல். கெட்டவர் நீட்டினால் திரும்பிக்கொள்ளலாம்.

என்னைப் பெற்ற அய்யாவும் அந்தக் காலத்தில் வேறொரு கங்காணி கையால் இப்படித்தான் முதல் கிளாஸை வாங்கியிருக்கிறார். நான் சொல்கிற காலத்தில் அவருக்கு வேலைக்குப் போகிற உடம்பு இல்லை, வீட்டோடு படுக்கை. காட்டு வேலை எல்லாம் ஆத்தாதான் பார்த்தாள். மாமன் எனக்கு அடுத்த சம்பளத்திலிருந்து முழுக்கூலி என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பிய செய்தி வந்தபோது ஆத்தா சந்தோசப்படவில்லை.

"எங்கண்ணன் நல்ல மனுசன்தான். ஆனா அவரு கையால குடுக்குற கிளாஸை மட்டும் வாங்காதடா."

"எப்படி ஆத்தா வேணாம்னு சொல்ல? அத்தனை பேரு இருப்பாங்க."

"எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா உங்க அய்யாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டனா?"

அந்தச் சனிக்கிழமையே எங்கள் தோட்டத்தில் நாடகம் என்று முடிவானது. சம்பளம் கொடுத்து முடித்ததும், ஆள்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் முற்றத்தில் நடத்துவதென்று ஜவுளிக்கடை அண்ணன் மேனேஜரிடம் பேசியிருந்தார். என் முழுக்கூலி விஷயம் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கல்லூரி அண்ணன் மறுக்கிற வசனத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். 'மதியிழந்து, மானமிழந்து, மண்ணோடு மண்ணாகும் மாந்தர் வரிசையில் நான் சேரேன்' என்று ஆரம்பிக்கும். பிளாட்பாரத்தில் அவர் அதைக் கையை வீசிப் படித்துக் காட்டியபோது ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

சைக்கிள் கடை அண்ணன்தான், "எல்லாஞ் சரி, இவன் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கிளாஸுல இருக்குறது ஆவியாப் போயிருமே" என்றார்.

"உங்களுக்குத் தமிழோட அருமை தெரியாது" என்று கல்லூரி அண்ணன் கோபித்துக்கொண்டார்.

"அருமை தெரியும்ப்பா. அந்தப் பையன் மூஞ்சியைப் பாரு. ஏற்கனவே குடிச்சவன் மாதிரி நிக்கிறான்."

அந்த வாரம் முழுக்க நான் வசனம் மனப்பாடம் செய்தேன். ஏலச்செடியில் காய் அடியில்தான் காய்க்கும். குந்தி உட்கார்ந்து, தரையோடு படர்ந்த சரத்தில் முற்றிய காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். மழை ஈரத்தில் அட்டை காலில் ஏறும். ஒரு கையால் அட்டையைத் தட்டிக்கொண்டே, 'மதியிழந்து, மானமிழந்து' என்று முணுமுணுப்பேன். பக்கத்துச் செடியில் காய் எடுத்த அக்காமார்கள், "மாப்ளைக்குப் பேய் பிடிச்சிருச்சு" என்று மாமனிடம் சொல்லிச் சிரித்தார்கள். மாமன், "சனிக்கிழமை ஓட்டிருவோம்" என்றார்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கினேன். மாமன் என் முதுகில் தட்டி, "நாடகம் முடியட்டும். அப்புறம் நம்ம சோலி இருக்கு" என்றார். முற்றத்தில் ஆள்கள் கூடினார்கள். எல்லையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் வெளிச்சம் இருந்தது. முன்வரிசையில் மாமன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் என்னோடு காய் எடுக்கிற பையன்கள்.

சைக்கிள் கடை அண்ணன் கடுங்காப்பி ஊற்றிய கிளாஸை என்னிடம் நீட்டினார். "முதல் சம்பளம் வாங்கியிருக்க. இந்தா, நம்ம கையால ஒண்ணு."

நான் மாமன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மதி..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

பின்னால் இருந்து கல்லூரி அண்ணன், "மதியிழந்து... மதியிழந்து" என்று எடுத்துக்கொடுத்தார். எனக்குக் கேட்டது. ஆனால் வாயில் வந்தது மறுபடியும், "மதி."

மலையில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். மலையாளத்துக்காரர்கள் சொல்லிச் சொல்லி எங்கள் ஆள்களுக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. சோறு போடும்போது மதி. சாக்கில் காய் கொட்டும்போது மதி. ஒழிப்போம் என்று கத்தி மாட்டிக்கொண்ட நாளிலிருந்து சைக்கிள் கடை அண்ணன் மலைப்பேச்சைக் காதில் வாங்க ஆரம்பித்திருந்தார். அவர் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னடா இது, இன்னும் ஒதட்டுலயே படலை. அதுக்குள்ள மதியா?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஓடிப்போய்விடலாம் என்று இருந்தது. அவர் விடவில்லை.

"ஒரே ஒரு மடக்கு?"

"மதி."

"சரி, மோந்தாவது பாரு."

"மதி."

"எனக்காகடா. ஒங்க அண்ணனுக்காக."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்த பையன்கள் சேர்ந்து, "மதீ!" என்று கத்தினார்கள். அண்ணன் விதவிதமாகக் கெஞ்சினார். காலைத் தொட்டார். அழுதார். தன் சைக்கிளை எழுதித் தருகிறேன் என்றார். ஒவ்வொரு தடவையும் கூட்டமே பதில் சொன்னது. கடைசியில் அவர், "போங்கடா, நானே குடிச்சுக்கிறேன்" என்று கடுங்காப்பியைக் குடித்துவிட்டுத் தள்ளாடித் தள்ளாடிப் போனார். அன்று யாரும் என்னிடம் வந்து தள்ளாட்டம் கேட்கவில்லை.

கல்லூரி அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பக்கம் எழுதுனேன். ரெண்டெழுத்துல முடிச்சுட்டான்."

நான் அவருக்குப் பதில் சொல்வதற்குள் மாமன் வந்து தோளில் கை போட்டார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர்.

"பயங்கரமா நடிச்ச மாப்ளே. வா, போவோம்."

ஜவுளிக்கடை அண்ணன் என்னைப் பார்த்தார். எங்கே போகிறேன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமன் என்னை நடத்திக்கொண்டு போய்விட்டார்.

சாராயக்கடை ஒரு சரிவில், தகரக் கூரையோடு இருந்தது. எங்கள் கூட்டத்து ஆள்கள் எல்லோரும் உள்ளே வந்து நின்றார்கள். கடைக்கார மலையாளி கிளாஸை வைத்தார். மாமன் பாட்டிலை வாங்கித் தானே ஊற்றினார். அவர் கிளாஸை வலது கையில் எடுத்து, இடது கையால் முழங்கையைத் தாங்கி, பூசாரி திருநீறு கொடுப்பது போல என்னிடம் நீட்டினார்.

நாடகத்தில் நீட்டியது கடுங்காப்பி. இது வாடையடித்தது.

"மதி மாமா" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். மாமனும் சிரித்தார். "நாடகம் முடிஞ்சுருச்சு மாப்ளே. பிடி."

நான் கையை நீட்டவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது. மாமன் முகம் மாறுவதைப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் நான் பயந்த அதே மாற்றம்.

"நான் குடுத்து ஒருத்தனும் வேணாம்னு சொன்னதில்லை" என்றார்.

பந்தியில் பரிமாறுகிறவரைத் தடுப்போமே, அது மாதிரி என் உள்ளங்கை தானாகப் போய் அந்தக் கிளாஸின் வாயை மூடியது.

"வேணாம்னு சொல்லலை மாமா. மதின்னுதான் சொன்னேன். நீங்க குடுத்தீங்க. எனக்குப் போதும்."

மாமன் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். இலைக்கு மேல் கை வைத்தவனுக்கு ஊற்றுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. வேண்டாம் என்று எழுந்து போனால்தான் கோபித்துக்கொள்ளலாம். போதும் என்றவனிடம் எப்படிக் கோபிப்பது? அவருக்கு அது பிடிபடாமல் நின்றார் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர்தான், "மதின்னு பறஞ்ஞில்லே கங்காணி, பின்னெ எந்தா?" என்றார், போதும் என்று சொல்லிவிட்டானே, அப்புறமென்ன என்கிற மாதிரி.

மாமன் பெருமூச்சு விட்டார். என் கையை விலக்கிவிட்டுக் கிளாஸைத் தானே குடித்தார். "போடா, நாடகக்காரா" என்றார். பிறகு வெளியே பார்த்து, பக்கத்து டீக்கடைக்காரரிடம், "எங்க மாப்ளைக்கு ஒரு கட்டன் சாயா குடு" என்று குரல் கொடுத்தார்.

நான் சாலைக்கு இறங்கியபோது நாடகக்காரர்களின் ஜீப்பு இன்னும் கிளம்பாமல் நின்றது. ஜவுளிக்கடை அண்ணன் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து வாடை பார்த்துவிட்டு, "தள்ளி உக்காருங்கப்பா" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

வீட்டு வாசலில் ஆத்தா நின்றாள். பை வாங்குகிற சாக்கில் நெருங்கி என் மூச்சைப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"எப்படிடா சொன்ன?"

"மதின்னு சொன்னேன்."

"மதியா? அப்படின்னா?"

உள்ளே படுத்திருந்த அய்யா, "போதும்னு அர்த்தம். மலையாளம்" என்றார். எவ்வளவோ வருசம் மலையில் வேலை பார்த்தவர் அவர். அந்தச் சொல்லை என்னைவிட அதிகம் கேட்டிருப்பார். ஆத்தா அவருக்கும் எனக்குமாகச் சோறு போட்டாள்.

ஒரு தடவை சொன்னதோடு முடிகிற விஷயம் இல்லை அது. அடுத்த சனிக்கிழமையும் மாமன் பாட்டிலைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அதற்கடுத்த வாரமும். நாளாக ஆக அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் நாக்கு ஒட்டுவது நின்றது. குழுவில் எல்லோரும் கடைசிவரை ஒழுங்காக இருந்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கல்லூரி அண்ணன் வேலை கிடைத்து வெளியூர் போய்க் குடிக்கப் பழகி, பிறகு சிரமப்பட்டு அதை நிறுத்தினார். ஆனால் நாடகம் பல வருசம் நடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் கீழேயும் கடை திறந்தபோது போடியிலேயே தெருத் தெருவாக நடித்தோம். வெளியூர் போவதற்கு முன்பே கல்லூரி அண்ணன் தன் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டு, 'பையன்: மதி' என்று எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் பிறகு முழுக்கூலிக்கு வந்தவன் ராசிங்காபுரத்துப் பையன். அவனும் அன்று ஸ்டோர் முற்றத்தில் கத்தியவர்களில் ஒருவன். மாமன் அவனைக் கடைக்குக் கூட்டிப்போனார். பாட்டிலைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் காலிக் கிளாஸின் மேல் கையை வைத்துவிட்டான்.

"நீயுமாடா?" என்றார் மாமன். சுற்றிலும் பார்த்து, "இந்த நாடகக்காரப் பயலுக வந்து எல்லாக் கிளாஸையும் என்னையே குடிக்க வச்சுருவானுக போல இருக்கே" என்று புலம்பினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரால் மட்டும் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. வெளியே போனார். சாலையோரக் கடையில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்து அந்தப் பையனின் தோளில் போட்டார்.

"என் கையால எதையாவது வாங்கிக்கடா. இல்லாட்டி எனக்கு மனசு கேக்காது."

அதிலிருந்து மாமன் கூட்டத்தில் ஆளாக்குகிற நாளில் பையன்களுக்குத் துண்டுதான் கிடைத்தது. சிலர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே சாராயக்கடைக்கும் போனார்கள். ஆனால் நேராக ஜீப்புக்கு வந்து ஏறுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினார்கள். சனிக்கிழமை சாயந்திரம் கீழே இறங்குகிற முதல் ஜீப்பில் இடம் பிடிக்க நாங்கள் அடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.